எதையும் அழிக்காமல் கிடைத்த இடம்

நாற்காலியைக் காட்டியும் அந்த அம்மாள் உடனே உட்காரவில்லை. கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அறையில் இருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கள்ல யாரு நிதானம்?"

அது இருவரில் மூத்தவரின் உண்மைப் பெயரல்ல. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தீ விபத்துகளையும் திடீர் மரணங்களையும் விசாரித்தே தலை நரைத்தவருக்கு உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டப்பெயர். ஓய்வு பெற்ற பின்னும் அது அவரை விட்டுப் போகவில்லை. பெயரைவிட அதுவே பொருத்தமாக இருந்ததால் அவரும் அதைத் துரத்தவில்லை.

"நான்தாம்மா. இவர் என் மைத்துனர். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கார். இவர் இல்லாம இந்தக் காலத்துச் சமாச்சாரம் எதுவும் எனக்குப் புரியாது."

"நான் இருந்தாலும் புரியாது," என்றார் மைத்துனர். "உட்காருங்கம்மா."

அம்மாள் சிரிக்கவில்லை. உட்கார்ந்தார், ஆனால் முதுகு நாற்காலியில் படவில்லை.

"நான் சொல்றது இந்த ரூமைத் தாண்டி வெளிய போகக் கூடாது."

"போகாது."

"என் அண்ணன் போன மாசம் தவறிட்டார். தலைமையாசிரியரா இருந்தவர். அவரைத் தன் கூடப்பிறந்த தம்பிதான் கொன்னுட்டான்னு அண்ணன் மக சொல்றா. எங்கிட்ட மட்டும் சொன்னா பரவால்ல. சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம போன் போட்டுச் சொல்லிட்டா. அவனைக் கூப்பிட்டுக் கேட்டா, ஆமாங்கறதும் இல்ல, இல்லைங்கறதும் இல்ல. அண்ணி போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. வீட்டுக்குப் பெரியவ இப்ப நான்தான். அவன் இனிமே அந்த வாசல்ல கால் வைக்கலாமா கூடாதான்னு நான் சொல்லியாகணும்." கைப்பையை மடியில் வைத்தார். "உண்மை தெரியாம நான் எப்படிச் சொல்றது?"

அதன் பிறகு அவர் சொன்னவற்றில் கண்ணீர் இல்லை, ஒழுங்கு இருந்தது.

தலைமையாசிரியருக்குக் கடைசிக் காலத்தில் கண்பார்வை அறவே போய்விட்டது. மனம் மட்டும் கடைசி வரை தெளிவாக இருந்தது. காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, இரவு எட்டு மணிக்கு வேறொரு மாத்திரை. காலை மாத்திரை நாடித் துடிப்பைக் குறைப்பது. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளக் காலை மாத்திரையை வட்ட டப்பாவிலும் இரவு மாத்திரையைச் சதுர டப்பாவிலும் வைத்திருந்தார்கள். மகன் புரோகிராம் எழுதுகிறவன். வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்பாவுக்கென்றே ஒன்றை எழுதினான். வேளை வந்ததும் கட்டில் பக்கத்து ஒலிபெருக்கியில் மகனின் குரலே பேசும்: 'அப்பா, வட்ட டப்பா. ஒரு மாத்திரை. தண்ணி வலது பக்கம் இருக்கு.' இரவில், 'அப்பா, சதுர டப்பா.'

"ஒரு வருஷத்துக்கு மேல ஒரு தடவை கூடத் தப்பினதில்ல. போன மாசம் நான் கொஞ்ச நாள் தங்கலாம்னு போயிருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு அது 'வட்ட டப்பா'ன்னு சொல்லிச்சு. எது எந்த வேளைக்குன்னு எனக்குத் தெரியாது. அண்ணனே கொஞ்சம் யோசிச்சார். 'ராத்திரிக்குச் சதுரம்தானே'ன்னார். அப்புறம் அவரே, 'டாக்டர் மாத்திச் சொல்லியிருப்பார். பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு சொல்லி எடுத்துப் போட்டுக்கிட்டார். அடுத்தடுத்த நாளும் அப்படியே. ஒரு நாள் மத்தியானம் தூங்கினவர் எழுந்திருக்கல. டாக்டர் வந்து பார்த்தா வட்ட டப்பா காலி. சதுர டப்பால கை வச்ச மாதிரியே தெரியல."

மைத்துனர் உச்சுக் கொட்டினார். நிதானம் கேட்டார்: "ராத்திரி எட்டு மணிக்கு மகனும் மகளும் எங்க இருப்பாங்க?"

"அவன் வேலை முடிஞ்சு ஒன்பதுக்கு மேலதான் வருவான். மகளும் மாப்பிள்ளையும் கீழ சலவைக் கடை வச்சிருக்காங்க. அந்த நேரம்தான் கடையில கூட்டம்."

"இப்ப அந்தக் குரல் என்ன சொல்லுது?"

"அதுதான் விசித்திரம். இப்ப சரியாச் சொல்லுது. மாப்பிள்ளை, விஷயம் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பார்த்தார். புரோகிராம்ல ஒரு வருஷமா ஒரு எழுத்து கூட மாறலையாம். பாஸ்வேர்ட் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும், அன்னிக்கும் அவனே வந்து போட்டுத் திறந்து காட்டினான். மேல் மாடியை மக பேருக்கு எழுதணும்னு அண்ணன் ஒரு தடவை சொன்னாராம். அந்தக் கோபத்துல மாத்தி வச்சு, காரியம் முடிஞ்சதும் தடம் தெரியாமத் திருப்பி வச்சுட்டான்னு அவங்க பேச்சு."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நினைக்கறதுக்கு நான் உங்ககிட்ட வரலைங்க," என்று எழுந்தார் அந்த அம்மாள். "தெரிஞ்சுக்க வந்திருக்கேன்."

*

சலவைக் கடையில் நீராவியும் சோப்பு வாசனையும் நிறைந்திருந்தன. உறையிட்ட துணிகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. மகள் ஒரு சட்டையை விரித்து, காலரில் இருந்த கறையைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்தார். கறை முன்பே இருந்ததா, கடையில் வந்ததா என்று பின்னால் வழக்கு வராமல் இருக்க அவரே கண்ட வழி அது; கடைக்கான புரோகிராமையும் அவரே எழுதியிருந்தார். தலைமையாசிரியர் இரண்டு பிள்ளைகளையும் ஒன்றுபோலப் படிக்க வைத்தவர்.

கல்லாவுக்கு மேலே, யாருடைய துணி எப்போது தயாராகும் என்று காட்டும் திரை இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் அதை அண்ணாந்து பார்த்தார்.

"இருபது மணிக்கு வரச் சொல்லியிருக்கே. ஏம்மா, உங்க கடைக்கு மட்டும் நாள் பெருசா?"

"ராத்திரி எட்டுங்க."

"அப்ப எட்டுன்னே போட வேண்டியதுதானே? நடுவுல கொஞ்ச நாள் அப்படித்தானே போட்டிருந்தீங்க?"

"போட்டுத்தான் வச்சிருந்தேன். திரும்பப் பழையபடி ஆயிடுச்சு. அதைப் பார்க்க இப்ப எனக்குத் தெம்பில்ல. சட்டை வேணும்னா எட்டுக்கு வாங்க, சும்மா நாள் பெருசா சின்னதான்னு பார்க்கணும்னா எப்ப வேணா வாங்க."

வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே போனார். மகளின் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை; வாய் மட்டும் பழக்கத்தில் பேசியிருந்தது.

"பழையபடி எப்ப ஆச்சும்மா?" என்று கேட்டார் நிதானம்.

"தெரியல. அப்பா போனப்ப கடையைச் சாத்தினோம். திரும்பத் திறந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு." அப்புறம்தான் கேட்டவர் யார் என்று பார்த்தார். "அத்தை அனுப்பினவங்களா? என் தம்பியைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். இந்தத் திரையைப் பத்தி எதுக்கு?"

அவருடைய கணவர், அந்த வீட்டு மருமகன், அவர்களை மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறிய அறைக்கு அழைத்துப் போனார். வீட்டுக்கே பொதுவான கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. கடைப் புரோகிராமும் மாத்திரைப் புரோகிராமும் அதில்தான் ஓடின.

"என் மச்சினனோட பேச்சு நின்னதே இந்தப் பெட்டியாலதாங்க," என்றார் மருமகன். "டிஸ்க் ரொம்பிப் போச்சு. கூட்டம் நெரியற நேரத்துல கறைப் படம் ஒண்ணு கூட ஏற மாட்டேங்குது. 'உன் குப்பையை எடு'ன்னு இவ சொன்னா. 'உன் படத்தை எடு'ன்னு அவன் சொன்னான். அவ்வளவுதான். அன்னிலேர்ந்து அக்காவும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசல."

நல்ல குடும்பங்களில் சண்டை தெருவுக்குக் கேட்பதில்லை. ஒருவர் வந்ததும் மற்றவர் அறையை விட்டுப் போய்விடுவார். அவ்வளவில் அது வருடக்கணக்காக நடக்கும். அந்த வீட்டிலும் அப்படித்தான் நடந்திருந்தது. கண் தெரியாத தலைமையாசிரியருக்குக்கூட அது தெரிந்திருக்கும் என்று நிதானத்துக்குத் தோன்றியது.

மைத்துனர் அதற்குள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"டிஸ்க் எதுனால ரொம்பிச்சு மாப்பிள்ளை?" என்று மைத்துனரைக் கேட்டார் நிதானம்.

"எல்லா வீட்லயும் இதே கதைதான் அத்தான். ஒரு புரோகிராமை முழுசா எவனும் தானே எழுதறதில்ல. மணி பார்க்க, படத்தைச் சின்னதாக்கன்னு ஒவ்வொரு வேலைக்கும் ஊர் உலகத்துல யாரோ எழுதி வச்சதை இறக்கிக்குவாங்க. பேக்கேஜ்னு பேரு. நாம எழுதினது கைப்பிடி அளவு இருக்கும், இறக்கினது வண்டி அளவு இருக்கும். பத்து புரோகிராம் எழுதினா, ஒவ்வொண்ணோட ஃபோல்டருக்குள்ளயும் அதே வண்டி தனித்தனியா நிக்கும். இந்தத் தம்பி சும்மா எழுதிப் பார்த்தது, பாதில விட்டதுன்னு ஏகப்பட்டது வச்சிருக்கார்."

"வச்சிருந்தான்," என்று திருத்தினார் மருமகன். "சண்டை போட்டுக் கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா டிஸ்க் பாதி காலி. ரோஷம் வந்து எல்லாத்தையும் அழிச்சுட்டான் போலிருக்கு."

மைத்துனர் திரையை மேலும் கீழும் நகர்த்தினார். புருவம் சுருங்கியது.

"அழிக்கலையே. எல்லாம் அப்படியே இருக்கு. பேக்கேஜும் இருக்கு. இது ஓடுது... இதுவும் ஓடுது."

"எதையுமே அழிக்கலையா?"

"ஒண்ணு கூட இல்ல அத்தான்."

நிதானம் கடையில் தொங்கிய உறைகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த மாத்திரைப் புரோகிராமுக்கு ராத்திரி எட்டு மணி ஆயிடுச்சுன்னு நம்ப வை," என்றார்.

மைத்துனர் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை மாற்றினார். மேல் மாடியில், யாரும் இல்லாத கட்டிலின் பக்கத்தில், ஓர் இளைஞனின் குரல் அன்பாகப் பேசியது: "அப்பா, சதுர டப்பா. ஒரு மாத்திரை. தண்ணி வலது பக்கம் இருக்கு."

கல்லாவில் ஏதோ கீழே விழுந்தது. மகள் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றார்.

"நிறுத்துங்க," என்றார். "நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

*

மகன் மாடியில், அப்பாவின் கட்டிலுக்கு எதிரே சுவரோரமாக நின்றான். அந்தக் கட்டிலில் அவன் உட்காரவில்லை.

"உங்க மேல சொல்ற பழிக்கு நீங்க பதில் சொல்லலியாமே?" என்றார் நிதானம்.

"என் புரோகிராம். என் குரல். அதைக் கேட்டுத்தான் அப்பா மாத்திரையை எடுத்தார். இதுல நான் என்ன பதில் சொல்றது?"

"டிஸ்க்ல இடம் எப்படி வந்துச்சு தம்பி?"

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று தலை நிமிர்ந்தான்.

"பழசைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணேன்."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"நாங்க பேசிக்கறதில்ல." குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "சார், இதை இதோட விட்டுடுங்க. நான் வீட்டை விட்டுப் போயிடறேன்னு அத்தைகிட்ட சொல்லிடுங்க. எழுதிக் கொடுக்கணும்னாலும் கொடுக்கறேன். மேற்கொண்டு எதையும் கிளற வேண்டாம்."

படி இறங்கும்போது மைத்துனரால் பொறுக்க முடியவில்லை. "பார்த்தீங்களா அத்தான்? கையும் களவுமா மாட்டிக்கிட்டு முழிக்கறான்."

"மாட்டிக்குவோம்னு பயப்படறவனை நான் நிறையப் பார்த்திருக்கேன். இவன் தனக்காகப் பயப்படல," என்றார் நிதானம். "வேற யாரோ மாட்டிக்குவாங்கன்னு பயப்படறான்."

அன்று மாலை அவர் அந்த அம்மாளை, பிள்ளைகளின் அத்தையை, தனியே சந்தித்தார்.

"விஷயம் தெரிஞ்சாச்சும்மா. இது கொலை இல்ல. ஆனா வெளிய சொன்னா, ஒருத்தர் தலையில இருக்கற பாரம் இன்னொருத்தர் தலையில இறங்கும். இறக்கி வைக்கவே முடியாத பாரம். சொல்லவா, இப்படியே விட்டுடவா? நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி."

தெருவில் யாரோ மிதிவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"பழி சுமக்கறவன், அப்பாவுக்கு மனசறிஞ்சு கெடுதல் பண்ணினவனா?"

"இல்ல."

"அப்ப சொல்லிடுங்க. ஒரு பிள்ளையைப் பொய்யாத் துரத்திவிட்டுக் காப்பாத்தற மானம் எங்க அண்ணன் வீட்டுக்கு வேண்டாம்."

*

மறுநாள் மதியம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு எல்லாரும் மாடிப்படி அறையில் கூடினார்கள். இடம் போதவில்லை. அத்தைக்கு மட்டும் நாற்காலி. மகளும் மருமகனும் ஒரு சுவரோரம், மகன் எதிர்ச் சுவரோரம். மைத்துனர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு இந்தத் தொழில் தெரியாது," என்று ஆரம்பித்தார் நிதானம். "அதனால புரியாத ஒரு சின்ன விஷயத்தைத்தான் பிடிச்சுக்கிட்டேன். ரொம்பி வழிஞ்ச டிஸ்க்ல பாதி இடம் காலியாச்சு. ஆனா எதையும் அழிக்கல. பத்து பீரோ இருக்கற ரூம்ல, ஒரு துணியைக் கூட வெளிய போடாம எப்படிப் பாதி பீரோ காலியாகும்?"

"ஒரே மாதிரி துணி பத்து இருந்து, அதுல ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டா," என்றார் மைத்துனர் பெருமையோடு. முந்தின நாள் இரவெல்லாம் தூங்காமல் அவர் கண்டுபிடித்த விடை அது.

"அதேதான். ஒவ்வொரு புரோகிராமும் தனக்குன்னு தனிப் பிரதி வச்சிருந்துச்சு. தம்பி எல்லாத்தையும் ஒரே இடத்துல ஒரே பிரதியா வச்சு, மத்த எல்லா ஃபோல்டர்லேர்ந்தும் அதுக்கு வழி மட்டும் போட்டார். கெட்டிக்காரத்தனமான வேலை. அதுல தப்பே இல்ல. ஆனா வெளியிலேர்ந்து பார்க்கறவங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஃபோல்டரைத் திறந்தா பேக்கேஜ் அங்கேயே இருக்கற மாதிரிதான் இருக்கும். மாப்பிள்ளை, காட்டு."

மைத்துனர் கடைப் புரோகிராமின் ஃபோல்டரைத் திறந்தார். அதற்குள் மணி பார்க்கும் பேக்கேஜ் ஒன்று இருந்தது. அதன் கடைசியில் 'சோதனை' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். அதை மூடிவிட்டு, மகனிடம் பாஸ்வேர்டைப் போடச் சொல்லி, மாத்திரைப் புரோகிராமின் ஃபோல்டரைத் திறந்தார். யாரும் தொடாத அந்த ஃபோல்டரில், அதே பேக்கேஜின் கடைசியில், 'சோதனை' என்ற சொல் இருந்தது.

மருமகன் ஏதோ கேட்க வாயெடுத்தார். மகள் அவருடைய முழங்கையைப் பிடித்தார். அவருடைய கண்கள் திரையிலிருந்து அகலவில்லை.

"மாத்திரைப் புரோகிராம் இந்தப் பேக்கேஜைத்தான் மணி கேக்கும்," என்று நிதானம் தொடர்ந்தார். "காலைல எட்டுன்னு பதில் வந்தா வட்ட டப்பா. ராத்திரி இருபதுன்னு வந்தா சதுர டப்பா. தம்பி எழுதினது அவ்வளவுதான், அதுல ஒரு எழுத்தும் மாறல. ஆனா பேக்கேஜே ராத்திரியும் எட்டுன்னு பதில் சொல்ல ஆரம்பிச்சா? காலைலயும் வட்டம், ராத்திரியும் வட்டம். இருபது வரவே வராது. சதுர டப்பாவை யாரும் கேக்க மாட்டாங்க. அத்தைம்மா காதுல விழுந்தது அதுதான்."

அவர் நிறுத்தினார். அடுத்த வாக்கியத்துக்கு அவர் அவசரப்படவில்லை. யாராவது தடுத்துவிட மாட்டார்களா என்று காத்திருப்பவர் போல இருந்தார்.

"போதும் சார்," என்றான் மகன்.

"அப்படி யாராவது..." என்று மைத்துனர் ஆர்வமாக ஆரம்பிக்க, நிதானம் அவர் தோளில் கை வைத்தார். மைத்துனர் மகளின் முகத்தை அப்போதுதான் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"நான்தான் திருத்தினேன்," என்றார் மகள்.

மருமகன் அவர் பக்கம் திரும்பினார்.

"திரைல இருபதுன்னு வருதுன்னு எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. என் புரோகிராம்ல மணி எங்கெங்கயோ வருது, ஒவ்வொரு இடமா மாத்த நேரமில்ல. பேக்கேஜுக்குள்ள ஒரே ஒரு வரியை மாத்தினா எல்லா இடமும் சரியாயிடும். செய்யக் கூடாதுதான். அடுத்தவங்க எழுதினதுல கை வைக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அவசரத்துக்கு வைப்போம். என் ஃபோல்டர்தானே, கெட்டா என் கடைதானேன்னு..." குரல் அங்கே நின்றது. "மாத்திட்டு, கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டேன். அன்னி ராத்திரி திரைல எட்டுன்னு வந்துச்சு. சந்தோஷமா இருந்துச்சு."

மருமகன் தடுமாறினார். "அப்ப... இப்ப சரியா இருக்கே? இவன்தானே..."

"அதைத்தான் உங்க கடைத்திரை எனக்குச் சொல்லிச்சு," என்றார் நிதானம். "கடை சாத்தியிருந்தப்ப திரை பழையபடி இருபதுக்குத் திரும்பிடுச்சு. மகள் திருப்பல. மாத்திரைக் குரலும் அதே சமயத்துலதான் சரியாச்சு. ரெண்டும் ஒரே பிரதின்னா, ஒரே கை ஒரே வரியைத்தான் திருப்பியிருக்கு. எந்த வரி, எதனாலன்னு தெரிஞ்ச கை. அப்பா போன மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ தம்பி இதைக் கண்டுபிடிச்சுட்டார். அந்த வரியை அப்படியே விட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருந்தா அன்னிக்கே பழி போயிருக்கும். அவர் காட்டல. அழிச்சுட்டார்."

எல்லாரும் மகனைப் பார்த்தார்கள். அவன் நிதானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"எதுக்கு சார் சொன்னீங்க? விடுங்கன்னு கெஞ்சினேனே. நான் போயிருந்தா இவளுக்கு எம் மேல கோபம் மட்டும் இருந்திருக்கும். கோபத்தோட ஒருத்தர் இருந்துட முடியும். இதோட எப்படி இருப்பா?"

"நீ சொல்லியிருக்கலாமேடா," என்றார் மகள். பல மாதங்களில் அவனிடம் அவர் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. "எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து வச்சிருக்கேன், கை வைக்காதேன்னு ஒரு வார்த்தை. படியில எதிர எதிரத்தானே போய் வந்தோம்?"

"இடம் பண்ணிக் கொடுத்துட்டேன்னு நானா வந்து சொல்லணுமான்னு இருந்துச்சு. நீயே பார்த்துட்டு வந்து கேப்பேன்னு நினைச்சேன்." அவன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டான். "நீயும்தான் மாத்தப் போறேன்னு சொல்லியிருக்கலாம்."

"உங்கிட்டப் போய் நிக்கணுமான்னு இருந்துச்சுடா எனக்கும்."

மகள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். அழவில்லை, மூச்சு மட்டும் பெரிது பெரிதாக வந்தது. மருமகன் தண்ணீர் எடுத்து வந்தார். அது வாங்கப்படாமலே அவர் கையில் இருந்தது.

அத்தை எழுந்தார். "இது இந்த நாலு சுவரைத் தாண்டக் கூடாது," என்றார். குரல் கண்டிப்பாக இருந்தாலும் கை நாற்காலி முதுகைப் பற்றியிருந்தது. "அவன் பேர்ல தப்பில்லன்னு நானே எல்லாருக்கும் சொல்லிடறேன். டாக்டர் மாத்திரைல ஏதோ குழப்பம்னு சொன்னாப் போதும். யாரும் தோண்டிக் கேக்க மாட்டாங்க. அண்ணன் வீட்டுப் பிள்ளைங்க பேரு தெருவுக்கு வர வேண்டாம்."

"இல்ல அத்தை," என்றார் மகள்.

சேலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீரோடு குனிந்து நின்ற மருமகனின் சட்டைப் பையிலிருந்து அவரே கைபேசியை எடுத்தார்.

"இவன் கொன்னான்னு ஒவ்வொருத்தருக்கும் என் வாயால சொன்னேன். அப்பாவோட தம்பிக்குத்தான் முதல்ல சொன்னேன். அவர் நம்பல. நம்பற வரைக்கும் சொன்னேன்."

"அக்கா, வேண்டாம்," என்று மகன் முன்னால் வந்தான். "இது எனக்கு வேண்டாம்."

அவர் எண்ணை அழுத்திவிட்டார். எதிர்முனையில் மணி அடிப்பது அந்தச் சிறிய அறையில் எல்லாருக்கும் கேட்டது. அத்தை ஒரு கையை நீட்டினார். கைபேசியைப் பிடுங்கத்தான் நீட்டினார் என்று மைத்துனர் பின்னால் நிதானத்திடம் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கை பாதி வழியில் நின்றது. பிறகு மெல்ல இறங்கி, தரையில் உட்கார்ந்திருந்த மகளின் தோளில் அமர்ந்தது.

"சித்தப்பா, நான்தான் பேசறேன். தம்பியைப் பத்தி நான் சொன்னது பொய். அவன் எதுவும் பண்ணல. நான் மாத்தின ஒண்ணாலதான் அப்பா..."

சித்தப்பாவுக்குக் காது மந்தம். எதிர்முனையில் அவர் குரல் பலமாக வந்தது: "யாரு? என்னம்மா சொல்றே? சரியாக் கேக்கல."

மகள் அத்தையைப் பார்த்தார். அத்தை நேராக நின்றார். முகம் கல் போல இருந்தது. கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

"சத்தமாச் சொல்லு," என்றார்.

பாதி இறக்கிய கதவுக்கு அப்பால், துணி வாங்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் தெருவில் காத்திருந்தார்கள். அவர்களுடைய கால்கள் கதவுக்குக் கீழே தெரிந்தன.

"தம்பி இல்ல சித்தப்பா," என்று மகள் உரக்கக் கூவினார். "நான்! நான்தான்!"